பிழையில்லாத ஆயிரம் ஓட்டங்கள்

கேள்வி: ஐயா, கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டோம்; ஒருமுறைகூடத் தப்பான விடை வரவில்லை. நாலைந்து தடவை மட்டும் மென்பொருள் தானாக நின்றுவிட்டது. நம்பகத்தன்மை 99.9 சதவீதம் என்று அறிக்கையில் எழுதலாமா?
— வாசகர், காஞ்சன்பாக், ஹைதராபாத்

பதில்: எழுதாதீர்கள். ஆயிரத்துக்கு ஒருமுறை தவறக்கூடிய மென்பொருளும் ஆயிரம் ஓட்டங்களைச் சுத்தமாக முடித்துவிட 37 சதவீத வாய்ப்பு உண்டு. 95 சதவீத உறுதியோடு 99.9 என்று சொல்ல ஏறக்குறைய 3,000 ஓட்டங்கள், ஒன்றுகூடத் தவறாமல், வேண்டும். நடுவில் ஒரு வரியைத் திருத்தினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான் எண்ணவேண்டும். காலக்கெடு நெருக்கும்போது மேலதிகாரிகளுக்கு இது கசக்கும். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை, ஒவ்வொரு ஓட்டமும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில்தான். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். ஏவுகணைகளை இடைமறிக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் அமைப்பு சுமார் 100 மணி நேரமாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தை அது பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். அந்தப் பின்னம் 24 பிட்டுக்குள் முழுசாக அடங்காது. ஒவ்வொரு தடவையும் விட்டுப்போன துளி சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆகிவிட்டது. அதற்குள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அமைப்பு வானத்தில் தவறான இடத்தில் தேடியது. ஸ்கட் தடுக்கப்படாமல் வந்து விழ, 28 வீரர்கள் உயிரிழந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்துசேர்ந்தது மறுநாள். சில நிமிடம் ஓட்டி, அணைத்து, மறுபடி ஓட்டும் சோதனையை லட்சம் முறை செய்திருந்தாலும் இந்தப் பிழை சிக்கியிருக்காது. உங்கள் கருவி களத்தில் எத்தனை நாள் அணையாமல் ஓடும் என்று விசாரித்து, அத்தனை நாளும் ஓட்டிப் பாருங்கள்.

தானாக நின்றதைப் பற்றி: உங்கள் காஞ்சன்பாக்கின் டி.ஆர்.டி.எல். ஆய்வகத்தில் உருவான அக்னி ஏவுகணை, 1989 ஏப்ரலில் புறப்பட 14 விநாடி இருக்கையில் நிறுத்தப்பட்டது. கருவி ஒன்று சரியாக இயங்கவில்லை என்று கணினி நிறுத்திவிட்டது. மே 22 அன்று அக்னி பறந்தது. இப்படிக் காரணம் சொல்லி நிற்பதைத் தோல்விக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்கள் நாலைந்து தடவைகளையும் பதிவேட்டில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்கு நின்றது என்று விளங்காதது ஒன்று இருந்தாலும் அதைத் தோல்வியாகவே எழுதுங்கள்.