பள்ளிவாசல் பூட்டியிருந்த பெருநாள்

ஹிஜ்ரி 1441 ஷவ்வால் முதற்பிறை. 2020 மே 25. கொரோனா ஊரடங்கால் நம் தமிழகத்தில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. "ஈத்கா இல்லாமல் இதுவும் ஒரு பெருநாளா?" என்று பெரியவர்கள் கண் கலங்கினார்கள். மார்க்கம் அதற்கு என்ன விடை தருகிறது என்பதை நாம் அறிந்து வைப்பது நல்லது.

பெருநாள் ஜமாஅத் தவறினால் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? பஸராவை அடுத்த ஸாவியாவில் தம் குடும்பத்தாரை ஒன்றுகூட்டி, நகரத்தார் தொழுவது போலவே தக்பீருடன் தொழ ஏற்பாடு செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உண்டு.

ஷாஃபிஈ மத்ஹபில் இத்தொழுகை சுன்னத் முஅக்கதா. வீட்டில் தனியாகவும் தொழலாம். முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து என்று அதிகத் தக்பீர்கள் உண்டு. தனித்துத் தொழுபவருக்குக் குத்பா இல்லை. ஹனஃபி மத்ஹபில் இது வாஜிப், ஜமாஅத்தின்றி நிறைவேறாது. தவறியவர் லுஹா நேரத்தில் நஃபில் தொழுவது சிறப்பு. பித்ராவோ எந்த ஊரடங்கிலும் நீங்கவில்லை.

அன்று காலை வரை நம்மிடம் தொலைபேசியில் கேட்டவர்கள் பலர்: "ஹஜ்ரத், தக்பீர் எப்போது சொல்ல வேண்டும்?" நாற்பது ஆண்டுகள் முதல் ஸஃப்பில் நின்றவர்களும் அவர்களில் உண்டு. தொழுகையை நாம் சுமந்தோம். அதன் கல்வியை இமாமிடமே விட்டுவிட்டோம்!

சகோதரர்களே, பள்ளிவாசல்கள் திறந்துவிட்டன. அந்தப் பாடத்தை மூடிவிட வேண்டாம். மனைவி மக்களுக்கு முன்நின்று தொழவைக்கும் அளவு ஓதலும் சட்டமும் ஒவ்வொரு தகப்பனிடமும் இருக்கட்டும்.