பழைய காருக்குப் புதிய குளிர்வாயு



மைசூரில் இருக்கும்வரை காரில் ஏசியின் அருமை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பண்ணாரி தாண்டிச் சத்தியமங்கலம் சேர்ந்ததும் தெரிந்துவிடும்! வீட்டில் பழைய கார் வைத்திருப்போர் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "ஏசியில் இருந்த பழைய கேஸ் போய்விட்டது, இப்போது கிடைக்கும் கேஸை அப்படியே ஏற்றலாமா?" அப்படியே ஏற்றலாகாது, முறைப்படி மாற்றினால் ஏற்றலாம் என்பதே விடை. ஏன் என்று காண்போம்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கார் ஏசியிலும் நடப்பது இதுவே. திரவம் உள்ளே ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. 1990-களின் தொடக்கம் வரை இவ்வேலையைச் செய்தது ஆர்-12 என்னும் வாயு. அதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 30 டிகிரி செண்டிகிரேடு. அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ வாயுவுக்கு அது மைனஸ் 26 டிகிரி.

நன்றாக உழைத்த வாயுவை ஏன் மாற்றினார்கள்? ஆர்-12-இல் குளோரின் இருக்கிறது. அது வானின் மேலடுக்கை எட்டி ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எடுத்துக் காட்டினர். மறு ஆண்டே, இவ்வாயுக்கள் பூமியைச் சூடேற்றவும் வல்லவை என்று நிறுவியவர் ஒரு தமிழர்: வீரபத்திரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்றவர். இளமையில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில், வாயுக் கசிவை ஆராய்வதே அவர் பார்த்த வேலையாம்! 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. நம் சீரங்கப்பட்டணத்தைத் தழுவி ஓடும் காவிரி சென்று தேங்கும் மேட்டூரிலும் இவ்வகை வாயு தயாரிக்கப்பட்டு வந்தது. மூச்சு மருந்துக் குப்பிகளுக்கான சிறு விலக்கு நீங்கலாக, 2008 ஆகஸ்டு 1-ஆம் நாளோடு நாடு முழுவதும் இவ்வுற்பத்தி நின்றது.

இனி, இரு வாயுக்களின் வேற்றுமையைப் பார்ப்போம். 0 டிகிரியில் ஆர்-12-இன் ஆவியழுத்தம் சுமார் 3.1 பார்; ஆர்-134ஏ-க்கு 2.9. ஆனால் 60 டிகிரியில் முன்னதற்கு 15.2, பின்னதற்கோ 16.8. குளிர்ந்த பக்கத்தில் குறைவு, சூடான பக்கத்தில் மிகுதி! ஆகவே கம்ப்ரசருக்குச் சுமை கூடுகிறது. மலையேற்றத்தில் கார் மெல்ல ஊர்ந்தால் கண்டென்சருக்குக் காற்றும் போதாது. கண்டென்சரைத் தூசு போகக் கழுவுவதும், அதன் விசிறியைச் சரிபார்ப்பதும் இதனால்தான் இன்றியமையாதவை.

மாற்றும் முறை இது:

முதலாவது, எஞ்சிய ஆர்-12-ஐ மீட்பு எந்திரத்தால் உருளையில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வாயு போன வழியைக் கண்டு அடைக்க வேண்டும். ஓ-ரிங்குகளைப் புதிய வாயுவுக்கு ஏற்ற ரப்பரில் மாற்றுக. வெடித்த ஹோஸ்களையும் மாற்றுக.

மூன்றாவது, எண்ணெய். பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏ-யுடன் கலவாது. கலவாத எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. எண்ணெயற்ற கம்ப்ரசர் இறுகிப்போகும். ஆதலின் பழையதை இயன்றவரை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்றுவது வழக்கம்.

நான்காவது, ஈரம் உறிஞ்சும் டிரையரைப் புதிய வாயுவுக்கு உரியதாக மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, வாயு ஏற்றும் வாய்களில் ஆர்-134ஏ-க்குரிய இணைப்புகளைப் பொருத்தி, மாற்றிய விவரத்தைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த மெக்கானிக் இரண்டையும் கலந்துவிடாதிருக்க இதுவே காவல்.

ஆறாவது, வேக்கம் பம்பை அரை மணிக்குக் குறையாமல் ஓட்டுக. அழுத்தம் மிகத் தாழ்ந்தால் உள்ளிருக்கும் நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்தியபின் முள் ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

ஏழாவது, வாயுவை எடை பார்த்து ஏற்றுக. பழைய அளவில் 80 முதல் 90 விழுக்காடு போதும். ஒரு கிலோ கொண்ட காருக்கு 800 முதல் 900 கிராம். மிகுதியாக ஏற்றினால் குளிர் கூடாது, அழுத்தமே கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள். செலவைக் குறைக்கச் சமையல் எரிவாயுவை ஏற்றுவோர் உண்டு. அது குளிர்விக்கும் என்பது மெய்; கசிந்து காருக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும், உயிருக்கே கேடு. மற்றொன்று, வால்வைத் திறந்து பழைய வாயுவைக் காற்றில் விடுவது. ஒரு கிலோ ஆர்-12, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். ஓசோனுக்குத் தீங்கு செய்யாத ஆர்-134ஏ-யும் இதில் குற்றமற்றதன்று. அதன் கணக்கு சுமார் 1,430. அதனால்தான் 2016-இல் கிகாலியில் அதனையும் குறைக்க உலக நாடுகள் இசைந்தன. இந்தியா 2021-இல் ஒப்புதல் அளித்தது.

எனவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பழைய கார் ஆர்-12-உடன் கசிவின்றிக் குளிர்கிறதென்றால் அதைத் தொடாதீர்கள். கசிந்துவிட்டதென்றால் மேலே கண்ட ஏழையும் செய்யும் ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள். "மீட்பு எந்திரம் இருக்கிறதா?" என்பதே நீங்கள் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கட்டும். அக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால், எந்திரம் இல்லாதவரும் வாங்கி வைப்பர்.