இன்று கேட்பவர் நாளை சொல்ல வேண்டும்

சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகலில் ஐஐடி வளாகத்தில் கூடினார்கள். கஜேந்திரா சர்க்கிளுக்குப் பக்கத்தில், ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறை ஒன்றில் கூட்டம் நடக்கும். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். பைத்தான் ஆர்வலர்களின் சென்னைப்பை குழு தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நான்காவது சனிக்கிழமைகளில் இதே வேலையைச் செய்தது.

கல்லூரிப் பாடம் நின்ற இடத்திலிருந்து பலரை மேலே அழைத்துச் சென்றவர்கள் இப்படிப்பட்ட குழுக்களில் பதில் சொன்ன அண்ணன்களும் அக்காக்களும்தான். ஒரே ஓர் ஏளனச் சொல்லால் கேள்வி கேட்பதையே விட்டவர்களும் உண்டு. கூட்டத்திலோ டெலிகிராம் குழுவிலோ ஆபீஸிலோ தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

1. எதற்காகக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். "பாமினி ஃபான்ட் எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். லிங்க்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் "எதுக்குங்க வேணும்?" என்று கேட்டுப் பார்த்தால், பழைய டிடிபி கோப்பில் உள்ள கட்டுரையை வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்பார். ஃபான்டை நிறுவினால் அவருடைய கம்ப்யூட்டரில் எழுத்து தெரியும். பெறுபவரின் போனில் புரியாத குறிகளாகத்தான் வரும். அவருக்கு உண்மையில் தேவை, பாமினியை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி. விசாரிக்காமல் கொடுத்திருந்தால், கேட்டதும் கிடைத்திருக்கும், காரியமும் கெட்டிருக்கும்.

2. ஆபத்து இருந்தால் அதை முதல் வரியில் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்கிறாரா? முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு காப்பி எடுக்கச் சொல்லுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டச் சொன்னால், இருப்பதும் போய்விடலாம்.

3. கட்டளையோடு காரணத்தையும் கொடுங்கள். ஒரு வரிக் கட்டளை எழுதினால், அது என்ன செய்கிறது என்று இன்னொரு வரி எழுதுங்கள். காரணம் புரிந்தவர் அடுத்த முறை தானே சரிசெய்துகொள்வார்.

4. பிழையைச் சுட்டும்போது வழியையும் காட்டுங்கள். 1912-ல் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. மெட்ராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், அவருடைய கணிதக் குறிப்புகள் சிலவற்றை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பினார். ராமானுஜனின் முழு உயரம் ஹில்லுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, விரியும் தொடர்களைக் கையாள்வதில் அவர் சறுக்கியிருக்கிறார் என்று எழுதினார். முடிவிலித் தொடர்களைப் பற்றி பிராம்விச் எழுதிய நூலைப் படிக்கவும் சொன்னார். எங்கே சறுக்கல், எதைப் படித்தால் தெளியும் என்ற இரண்டும் இருந்தால் கண்டிப்பான பதிலும் உதவியாகிவிடும்.

5. கேட்பவரின் நேரத்தை மதியுங்கள். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் ஒன்றை வாசகரின் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார். "மேனுவலைப் படிங்க" என்பதோடு நிறுத்தாமல், எந்த அத்தியாயம், எந்தத் தலைப்பு என்று சொன்னால் கேட்டவருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தவர் யார் என்று சொல்ல முடிந்தால் அதுவும் பதில்தான்.

செய்யக்கூடாதவை

1. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வரி கேட்டவரை மட்டும் தாக்குவதில்லை. அதே சந்தேகத்தோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரையும் ஊமையாக்குகிறது.

2. மொழியைத் திருத்தக் கிளம்பாதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்த மாணவி தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டால், தமிழிலேயே பதில் சொல்லுங்கள். தங்கிலீஷில் கேட்டாலும் கேள்வி கேள்விதான்.

3. ஆபத்தான குறுக்குவழியைத் தராதீர்கள். லினக்ஸில் "பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் சிஹெச்மாட் 777 போடச் சொல்வது எளிது. பிழைச் செய்தி போய்விடும். ஆனால் அந்தக் கோப்பை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் மாற்றலாம் என்ற நிலை வந்துவிடும். கோப்பின் உரிமையாளர் யார் என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

4. முழு வேலையையும் செய்துகொடுக்காதீர்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசுக்கு முடித்துத் தரும் சென்டர்கள் தி.நகர்ப் பக்கம் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் இலவச சென்டர் ஆக வேண்டாம். "இதுவரை என்ன செஞ்சு பார்த்தீங்க?" என்று கேட்டு, அங்கிருந்து ஒரு படி மட்டும் ஏற்றிவிடுங்கள்.

5. தனி சாட்டுக்கு இழுக்காதீர்கள். எல்லோர் முன்னும் சொன்ன பதில் அடுத்து வருபவருக்கும் பயன்படும். பெண்கள் கேள்வி கேட்டதும் அவர்களுக்கு மட்டும் தனியாக மெசேஜ் அனுப்புவது உதவியில் சேராது. அந்தத் தொல்லையால் எத்தனையோ பேர் குழுவை விட்டே போகிறார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் கேட்காதீர்கள். தெரியாமல் பொதுவில் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

6. ஏஐ தந்த பதிலைச் சோதிக்காமல் ஒட்டாதீர்கள். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டது. பார்வைக்குச் சரியாகத் தெரிந்த அந்தப் பதில்களில் தவறானவை மிக அதிகம் என்பதே காரணம். நீங்கள் ஓட்டிப் பார்த்ததை மட்டும் உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

7. பாராட்டை எதிர்பார்த்துப் பதில் எழுதாதீர்கள். லைக்கும் நன்றியும் வந்தால் மகிழ்ச்சிதான். அவற்றுக்காகவே எழுதினால், வராத நாளில் கோபம் வரும். அந்தக் கோபம் அடுத்துக் கேட்பவர் மேல் விழும். மனம் சலித்திருந்தால் சில வாரங்கள் ஒதுங்கியிருங்கள். எரிச்சலோடு சொல்லும் பதிலைவிட மௌனம் மேல்.

பதில் சொல்வதில் கிடைக்கும் உண்மையான கூலி வேறு. பிறருக்கு விளக்கப் போகும்போதுதான் நமக்கு எது புரியவில்லை என்று நமக்கே தெரிகிறது. அதைவிடப் பெரிய கூலி ஒன்று உண்டு: போன வருடம் கேட்ட மாணவர் இந்த வருடம் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆகவே மூத்தவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் போட வேண்டாம். புதியவர்களுக்குக் கொஞ்சம் நேரம் விடுங்கள். அவர்கள் பாதி சரியாகச் சொன்னால், சரியான பாதியை முதலில் பாராட்டிவிட்டு மீதியை நிரப்புங்கள். பதில் சொல்ல நாலு பேர் மட்டுமே இருக்கும் குழு, அந்த நாலு பேருக்கும் வேலை கூடினால் கலைந்துவிடும். கேட்டவர்களே சொல்பவர்களாக மாறும் குழு நிலைக்கும்.