விண்ணில் சுழலும் சங்குசக்கரங்கள்



தீபாவளியன்று தரையில் சுழலும் சங்குசக்கரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோடானு கோடி விண்மீன்கள் ஒன்றுகூடி அதே உருவத்தில் வானில் சுழல்கின்றன என்றால் வியப்பாக இல்லையா? அவற்றைத்தான் சுருள் விண்மீன் திரள்கள் என்கிறோம். அயர்லாந்து நாட்டில் ராஸ் பிரபு என்பவர் தம் கோட்டை வளாகத்தில் 72 அங்குல ஆடி கொண்ட மாபெரும் தொலைநோக்கியை அமைத்தார். 1845-ஆம் ஆண்டில் அதன் வழியே நோக்கி, நீர்ச்சுழி போன்ற ஓர் உருவத்தைக் கண்டு வரைந்தார். இத்தகைய சுருள்கள் தனித்தனி விண்மீன் திரள்களே என்பது, 1920-களில் எட்வின் ஹப்பிள் என்ற அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரோமீடாவின் தொலைவை அளந்த பிறகே உறுதியாயிற்று.

நாம் வாழும் பால்வீதியும் ஒரு சுருள் திரளே. அதன் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டுகள். நம் சூரியன் அதன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி நின்று, ஒரு முறை சுற்றிவரச் சுமார் 23 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. பிறந்த நாளிலிருந்து இதுவரை ஏறத்தாழ 20 சுற்றுகள்தாம் முடித்திருக்கிறது!

சரி, அந்தச் சுருள் கைகள் எப்படி உண்டாகின்றன? சங்குசக்கரத்தில் நடுவிலிருந்து தீப்பொறிகள் வெளியே சிதறுகின்றன. திரளில் அப்படி எதுவும் சிதறுவதில்லை. ஆகவே என் உவமையை இத்துடன் விட்டுவிடுங்கள்.

அடுத்த விளையாட்டு வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். மைதானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் வரையுங்கள். வட்டத்துக்கு ஒருத்தியாக நால்வர் ஒரே நேர்கோட்டில் நின்று, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். உள்வட்டத்தில் நடப்பவள் ஒரு சுற்றை முடிக்கும்போது மற்றவர்கள் பின்தங்கியிருப்பார்கள். நேர்கோடு வளைந்து சுருளாகிவிடும். திரளிலும் மையத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால், விண்மீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ரோமீடாவின் வேகத்தை அளந்து 1970-ல் வெளியிட்டவர்களுள் ஒருவர் வெரா ரூபின் என்ற அம்மையார்.

விடை கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். இன்னும் பத்துச் சுற்று நடந்து பாருங்கள். நூல்கண்டில் சுற்றிய நூலைப் போல அந்த வரிசை இறுகிச் சிக்கிவிடும். ஆனால் வானத்துச் சுருள்களோ இரண்டு மூன்று அகன்ற கைகளுடன் அழகாக விரிந்தே இருக்கின்றன. அப்படியானால் ஒரு கையில் எப்போதும் அதே விண்மீன்கள் இருக்க முடியாது அல்லவா?

1964-இல் லின், ஷூ என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கோவில் திருவிழாவில் தேர்பவனி சாலையில் மெல்ல நகரும்போது, பின்னே வரும் வண்டிகள் அங்கே நெருங்கி, ஊர்ந்து, தாண்டிப் போகின்றன. வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நெரிசல் மட்டும் தேரோடு இருக்கிறது. சுருள் கையும் அத்தகைய நெரிசலே. விண்மீன்கள் அதற்குள் நுழைகின்றன, பிறகு வெளியேறுகின்றன. எல்லாச் சுருள்களுக்கும் இந்த ஒரு விளக்கம் போதுமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

கைகளுக்கு நடுவே இருட்டாகத் தெரிகிறதே, அங்கே விண்மீன்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு! ஆனால் அவை பெரும்பாலும் வயதான, மங்கலான விண்மீன்கள். நெரிசலில் வாயு அழுந்துவதால் கைகளில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியவை நீல ஒளி வீசிச் சில பத்து லட்சம் அல்லது சில கோடி ஆண்டுகளிலேயே மடிந்துவிடுகின்றன. கையை விட்டு வெகுதூரம் போக அவற்றுக்கு ஆயுள் இல்லை. அதனால்தான் கைகள் அப்படி ஒளிர்கின்றன.

மார்கழியில் நிலவில்லாத இரவு எட்டு மணிக்கு, விளக்குகள் குறைந்த ஊரில், வடமேற்கு வானில் உயரே உற்றுப் பாருங்கள். ஆண்ட்ரோமீடா சிறு வெண்திட்டாகத் தெரியும். கைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியா. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.