கடிகாசலம் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் அம்மையார்குப்பத்தில் சோளிங்கர் பஸ் ஏறினால், டிக்கெட் வாங்கிக் கொஞ்சம் கண்ணயர்வதற்குள் மலை தெரிய ஆரம்பித்துவிடும். 2024 மார்ச்சில் அங்கே பெரிய மலைக்கு ரோப்கார் விட்டார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருப் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து போனில் படம் காட்டுகிறார்கள். படம் முழுக்க அவர்கள் முகம்தான். மலையைக் காணோம். அதைப் பார்த்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. தறிக்குழியில் உட்கார்ந்தே காலம் கழித்த நெசவுக்காரன் நான். ஆனாலும் வருஷம் தவறாமல் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

1. எந்த மலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். சோளிங்கரில் இரண்டு மலை. பெரிய மலையில் யோக நரசிம்மர், எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். பெரியதற்கு 1305 படி, சின்னதற்கு 406. ரோப்கார் போவது பெரிய மலைக்கு மட்டும்தான். ஆஞ்சநேயரைப் பார்க்க எல்லாருக்கும் கால்தான் துணை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்துக்குத் திருக்கடிகை என்று பெயர், மலைக்குக் கடிகாசலம். கடிகை என்றால் நாழிகை, நம் கணக்குக்கு 24 நிமிடம். ஒரு நாழிகை நேரம் இந்த மலையில் மனம் ஒன்றி இருந்தாலே மோட்சம் என்பது தல நம்பிக்கை. காலத்தின் ஓர் அளவைப் பெயராகக் கொண்ட மலை வேறு எங்கே இருக்கிறது? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கும், தூரத்து ஊர்களைப் புழுதி மூடிவிடும். கார்த்திகை மாதம் நரசிம்மர் கண் திறந்து பார்க்கும் மாதம் என்பதால் ஜனம் அலைமோதும். தரிசனத்துக்கு அது நல்ல மாதம். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் தை மாதம் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வெயிலும் ஏறியிருக்காது.

3. எதில் ஏறுகிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழனியில் 1966-இல் வந்தது விஞ்ச். அது தண்டவாளத்தில் ஓடும் பெட்டி, கம்பிவடம் அதை இழுக்கும். மலேசியாவில் நம் தமிழர்கள் வாழும் பினாங்கில் 1923 முதல் மலை ஏறிக்கொண்டிருப்பதும் அந்த வகைதான். அந்த மலை உச்சியிலும் ஒரு முருகன் கோயில் உண்டு. பழனிக்கு 2004-இல் வந்ததும் இப்போது சோளிங்கரில் ஓடுவதும் ரோப்கார். இதற்குத் தண்டவாளம் கிடையாது, வடத்தில் தொங்கிக்கொண்டே போகும்.

அந்த வடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரே கம்பி அல்ல அது. மெல்லிய எஃகுக் கம்பிகளைப் புரியாக முறுக்கி, அந்தப் புரிகளை மறுபடி சேர்த்து முறுக்கியது. இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு இணைப்பதில்லை. புரியைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக நீள நுழைத்துப் பின்னுவார்கள். முடிச்சு இருந்தால் சக்கரத்தில் இடறும். தறியில் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கிற எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒருபக்கம் பெட்டி ஏறும்போது மறுபக்கம் பெட்டி இறங்கும். இறங்குகிற பாரம் ஏறுகிற பாரத்துக்குக் கை கொடுக்கும், மீதியைத்தான் மோட்டார் இழுக்கிறது. அதனால்தான் இத்தனை பேர்தான், இந்தப் பக்கம்தான் என்று ஊழியர்கள் கறாராகச் சொல்வது. அவர்களோடு வாதாடாதீர்கள். உள்ளே எழுந்து நிற்பதும், பெட்டியை ஆட்டிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

4. நிறுத்திவிட்டார்கள் என்றால் முகம் சுளிக்காதீர்கள். பலமான காற்று அடித்தால் நிறுத்துவார்கள், பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். பழனியில் மாதத்துக்கு ஒரு நாள், வருஷத்துக்கு ஒருமுறை பல நாள் மூடித்தான் வைக்கிறார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் தேவ்கர் அருகே திரிகூட மலையில் ரோப்கார் கோளாறாகி, இரவும் பகலும் ஜனங்கள் அந்தரத்தில் தொங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்க வேண்டியதாயிற்று. உயிரும் போயிற்று. மூடியிருக்கிறது என்ற பலகையைப் பார்த்தால், உள்ளே ஒருவர் வடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் படியேறுங்கள்.

5. போனை உள்ளே வையுங்கள். பயணமே சில நிமிடம்தான். நடந்து ஏறுகிறவனுக்குக் கிடைக்காத ஒன்று அதில் உண்டு: பருந்தின் முதுகு. தரையில் நிற்கும் நமக்கு அதன் வயிறுதான் தெரியும். பெட்டியில் போகும்போது அது நமக்குக் கீழே வட்டமிடும். வெயில் பட்டு அந்தப் பழுப்பு மின்னுவதை முதல்முறை பார்த்தபோது நான் கை கூப்பிவிட்டேன்.

மேலே போனதும் இறங்க அவசரப்படாதீர்கள். ரோப்கார் உங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு நாழிகையை மலைக்குக் கொடுங்கள். தரிசனம் முடித்து, நிழலாக ஓரிடம் பார்த்து, 24 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் உழவாரன் குருவி காற்றைக் கிழித்துப் போகும் சத்தம் கேட்கும். பாறை என்று நினைத்த இடத்தில் ஓர் ஓணான் தலையாட்டும். கீழே கள்ளியும் காரையும் ஆவாரையுமாகக் கிடக்கும் புதரிலிருந்து மயில் அகவும். ஏரிகளை எண்ணுங்கள், வேர்க்கடலைக் கொல்லை எது, கரும்பு எது என்று நிறத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் தளபதி அயர் கூட்டின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் மோதியது இந்தச் சோளிங்கர் வெளியில்தான். வடக்கே பாருங்கள். ஆந்திரா எங்கே தொடங்குகிறது என்று யாராலும் காட்ட முடியாது. நம் திருத்தணிப் பகுதி ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு காகிதத்தில் விழுந்தது. தமிழும் தெலுங்கும் இன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கின்றன.

6. குரங்குகளுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். பூ, பழம், தேங்காய் எதுவானாலும் மூடிய பைக்குள் இருக்கட்டும். பாலிதீன் பை சரசரத்தாலே ஓடி வரும். அவற்றைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள். அவை அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணோடு கண் பார்க்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், பறித்ததைத் திரும்பப் பிடுங்கவும் வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டுகிற வேலை கூடாது. என் பேரன் பாசத்தோடு ஒரு வாழைப்பழம் நீட்டினான். மறு நிமிடம் பத்துக் குரங்கு சூழ்ந்துகொண்டது. தப்பு குரங்குமேல் இல்லை. நாட்டுக்குரங்கைக் காட்டை மறக்கச் செய்து, படிக்கட்டில் உட்கார வைத்தவர்கள் நாம்தான்.

7. இறங்கும்போது படியில் வாருங்கள். முழங்கால் நன்றாக உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள். நேராக இறங்காமல் படியில் சற்றுக் குறுக்காகக் கால் வைத்தால் முட்டி வலி குறையலாம். ரோப்கார் இல்லாத நம் திருத்தணியின் 365 படிகளில் முதலில் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

8. கடைசியாக ஒன்று. ரோப்கார் வருவதற்கு முன் முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். என் அம்மாவை ஒருமுறை அப்படி ஏற்றினோம். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தாள். "அவங்க மூச்சு வாங்குறது என் காதுல கேக்குதுடா. இனிமே என்னைக் கூட்டிட்டு வராதே" என்றாள். அதற்கப்புறம் அவள் மலை ஏறவேயில்லை, அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ரோப்கார் வந்தபோது அவள் இல்லை. அந்தப் பெட்டி முதலில் அவளைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது. வரிசையில் உங்களுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு பாட்டி நின்றால், உங்கள் முறையை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியில் போங்கள்.