ஷிப்டு வேலையும் போர் விளையாட்டும்

கேள்வி: சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். கணினிப் போர் விளையாட்டில் மனித எதிராளியோடு மோத ஆசை, நேரந்தான் ஒத்துவரவில்லை. வழியுண்டா?
- ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: உண்டு. இருவரும் ஒரே வேளையில் அமரும் அவசியமின்றி, தத்தம் சேனைக்குரிய கட்டளைகளைத் தனித்தனியே வகுத்து, அக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ள, இரு தரப்பு ஆணைகளையும் ஏககாலத்தில் நிறைவேற்றி ஒரு நிமிஷப் போரைக் கணினி காட்டும் முறை, 2000-இல் வெளிவந்த ‘காம்பாட் மிஷன்’ விளையாட்டிலேயே இருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து நீங்கள் அனுப்புவதற்கு அவர் மறுநாள் பதில் அனுப்பலாம். எதிரியின் எண்ணம் புலப்படாத அந்த மறைவே இவ்விளையாட்டின் ஜீவன்; 1824-இல் பிரஷ்ய ராணுவம் ஏற்ற, ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வகுத்த ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ பயிற்சியில் அம்மறைவைக் காக்க நடுவர் செய்த காரியத்தை இன்று இயந்திரம் செய்கிறது. கணினியே எதிராளியாயின் அதன் சுபாவம் விரைவில் பிடிபட்டுவிடும். மனிதனோ தோற்ற இடத்தில் கற்று, மறுமுறை வேறு மார்க்கத்தில் வருவான்.

விளையாட்டில் சேனையை நடத்துவதற்குப் பாடமாக, உங்கள் ஜில்லாவின் திருப்பாச்சூர்க் கோட்டையை 1781-இல் ஹைதர் அலியின் படையிடமிருந்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் கைப்பற்றிய வரலாற்றையும் படியுங்கள். தானியமும் வண்டிமாடும் இல்லாத சேனை எவ்வளவு முடங்கும் என்பது அதில் விளங்கும்.

ஒரு வேண்டுகோள்: தோற்கும் தறுவாயில் ஆட்டத்தைப் பாதியில் கைவிடாதீர்கள், உங்கள் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.