டீசல் முள்ளும் ஓம் விதியும்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும்போது, ஓம் விதிக் கணக்குகளை மாணவர்கள் எளிதாகச் செய்துவிடுகிறார்கள். 'இந்தச் சுற்றில் கோளாறு எங்கே?' என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். மின்தடை என்பது தாளில் உள்ள ஓர் எண்ணாகவே அவர்கள் மனத்தில் நின்றுவிடுகிறது. அதைக் கண்முன் காட்ட, மண்டபத்தில் நான் பயன்படுத்துவது ஒரு மாணவரின் தந்தை வாடகைக்கு ஓட்டும் பழைய அம்பாசடர் கார்.

ஊரே ஆய்வகம்

மண்டபத்தின் இருபுறமும் கடல். காற்றில் வரும் உப்பு உலோகத்தில் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, மின்பகுளியாக மாறி அரிப்பை விரைவுபடுத்துகிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பது ஓயாத வேலையாக இருந்ததை மாணவர்கள் அறிவார்கள். அதே துரு, காரின் எர்த் இணைப்பிலும் பிடிக்கிறது.

முள் எப்படி நகர்கிறது?

அந்தக் காரில் டேங்க் நிறைய டீசல் இருந்தும் முள் முக்காலிலேயே நின்றது. மீட்டரையே மாற்றிவிட அவர் எண்ணியிருந்தார். அதற்குமுன் மின்சாரம் செல்லும் பாதையைக் கரும்பலகையில் வரைந்தோம்: பேட்டரி, மீட்டர், டேங்கில் உள்ள மிதவையோடு இணைந்த மாறும் மின்தடை, டேங்கின் எர்த், காரின் உடல், மீண்டும் பேட்டரி. இவை எல்லாம் தொடரிணைப்பு.

வகுப்புக் கணக்குக்கு எளிய எண்களை எடுத்துக்கொண்டோம். மின்னழுத்தம் 10 வோல்ட், மீட்டரின் மின்தடை 60 ஓம், டேங்க் நிறைந்தபோது மிதவையின் மின்தடை 20 ஓம்.

துரு இல்லாதபோது: 10 ÷ 80 = 0.125 ஆம்பியர்.
துரு 20 ஓம் சேர்த்தால்: 10 ÷ 100 = 0.1 ஆம்பியர்.

மின்னோட்டம் குறைந்தால் முள்ளும் தாழும். மீட்டர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்த மின்னோட்டத்தைத்தான் காட்டுகிறது. (சில வண்டிகளில் டேங்க் நிறையும்போது மின்தடை கூடும், அங்கே விளைவு தலைகீழாகும்.)

அளந்து பார்த்தல்

துருவின் முனைகளுக்கிடையே 0.1 × 20 = 2 வோல்ட் இருக்க வேண்டும் என்று மாணவர்களே முன்கூட்டிக் கூறினார்கள். இன்ஜினை இயக்காமல், சாவியை மட்டும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை டேங்கின் உலோகப் பகுதியிலும் வைத்தோம். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டிய அளவு 1 வோல்ட்டைத் தாண்டியது. மெக்கானிக் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். முள் நிறைவுக்கு ஏறியது. புது மீட்டர் தேவைப்படவில்லை.

கோளாறைத் தேடும் வரிசை

1. ஒரு முள் மட்டும் தவறாகக் காட்டினால், அதற்கே உரிய சென்சார், வயர், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
2. இரண்டு முட்களும் தாழ்ந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.
3. இரண்டும் மிகுதியாகக் காட்டினால், மீட்டர்களுக்கு ஏறத்தாழ 10 வோல்ட் தரும் நிலைப்படுத்தி உள்ள கார்களில், அதன் எர்த்தைப் பார்க்க வேண்டும். அது விட்டுப்போனால் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மீட்டருக்குச் சென்றுவிடும்.

வெப்பமானியில் இதே கோளாறு ஆபத்தானது. சூடு ஏற ஏற அதன் சென்சாரின் மின்தடை குறையும். துரு அதை ஈடுகட்டிவிட்டால், இன்ஜின் கொதித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். ஓட்டுநர் அதை நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பார்.

கவனம்

டேங்க் அருகே தீப்பொறி எழக்கூடாது. மாணவர்கள் வெளியே உள்ள இணைப்பில் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கலாம். கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. கார் கிடைக்காத பள்ளிகளில் ஓர் உலர் மின்கலம், மில்லி அம்மீட்டர், மின்தடைப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்யலாம்.

மதிப்பீடு

'டீசல் முள் சரி, வெப்ப முள் மட்டும் தாழ்வு. முதலில் எங்கே அளப்பாய்? ஏன்?' இந்தக் கேள்விக்கு, விடையைவிட 'ஏன்' என்பதற்கே கூடுதல் மதிப்பெண் தருகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். விசைப்படகிலும் பேட்டரியும் எர்த்தும் உண்டு. எதையும் மாற்றுமுன் அளந்து பார்க்கும் பழக்கம் கரையைவிடக் கடலில்தான் அவர்களுக்கு அதிகம் தேவைப்படும்.